எம்.ஆர். ராதாவின் மகள் என்பதால்தானா?

மூதூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது. நடிகை ராதிகா 1978இலிருந்து இன்றுவரை நிலைத்து நிற்பது எம்.ஆர். ராதாவின் மகளாகப் பிறந்ததால்தானா? அவருடைய தாயார் இலங்கையைச் சேர்ந்தவர் என்பது உண்மையா? மேலோட்டமாகப் பார்த்தால் இவை சினிமாச் செய்தி கேட்கும் கேள்விகள். ஆனால் கடைசி இரண்டு வரிகளைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அவருடைய மகள் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் பாடத்தை எடுக்க ஆசைப்படுகிறாள். "நடிப்பெல்லாம் அதற்கென்றே இருக்கும் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு, ராதிகாவைப் பார்" என்று இவர் சொல்லியிருக்கிறார். மகள் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. தான் சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ளத்தான் ஐயா எழுதியிருக்கிறார். அதற்குத்தான் நானும் பதில் எழுதுகிறேன்.

திருகோணமலைப் பாடசாலைகளில் 26 ஆண்டுகள் இந்தப் பாடத்தைக் கற்பித்தவன் நான். அதற்கு முன்பு, எண்பதுகளில், மாமாவின் வீடியோக் கடையில் மாலை நேரங்களில் நின்றிருக்கிறேன். ஆகவே ராதிகாவின் படங்களை ஒரு தடவை மட்டும் பார்த்தவன் அல்லேன். கொப்பி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே சில படங்களைப் பத்துத் தடவைக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். ஆனால் நான் மேடைக்காரன். படப்பிடிப்புத் தளத்தில் வேலை செய்தவன் அல்லேன். திரையில் நாம் பார்ப்பதில் நடிகர் செய்தது எவ்வளவு, இயக்குநரும் படத்தொகுப்பாளரும் சேர்த்தது எவ்வளவு என்று என்னால் முற்றாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அவருடைய தெலுங்குப் படங்களில் பலவற்றை நான் பார்த்ததும் இல்லை. இந்த எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

தாயாரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சுலபம். ஆம், அவருடைய தாயார் கீதா இலங்கையைச் சேர்ந்தவர். ராதிகா படித்ததும் இந்தியா, இலங்கை, இங்கிலாந்து என்று மூன்று நாடுகளில். கண்டிப் பக்கம் பிறந்த எம்.ஜி.ஆரையும், மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவையும் நாம் எப்படிச் சொந்தம் கொண்டாடுகிறோமோ அதுபோல ராதிகாவையும் கொண்டாடுவதில் தவறில்லை. பாலு மகேந்திரா இயக்கி 1987இல் வந்த 'ரெட்டை வால் குருவி'யில் ராதிகா நடித்திருக்கிறார் என்பதைக் கடைக்கு வரும் எல்லோரிடமும் நான் பெருமையாகச் சொல்லுவேன். கிழக்கு மாகாணத்துக்காரர் எடுத்த படத்தில் இலங்கைத் தாயின் மகள்! அந்த வயதில் அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இன்றும் அப்படித்தான்.

இனிக் குடும்பம். உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர். ராதா 1907இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பாலர் நாடகக் கம்பனிகளில் சேர்ந்து, அடி உதை வாங்கித் தொழில் படித்தவர். திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை ஊர் ஊராக நடத்தினார். அது 1954இல் படமாகவும் வந்தது. தொழுநோய் பிடித்த மோகனசுந்தரமாக அவர் குரலை மேலே இழுத்துப் பட்டென்று கீழே போடும் விதத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசிக் காட்டுவார்கள். மகன்கள் எம்.ஆர்.ஆர். வாசு, ராதாரவி இருவரும் நடிகர்கள். ராதிகாவின் தங்கை நிரோஷா 1988இல் 'அக்னி நட்சத்திர'த்தில் அறிமுகமானார். ஆக, நடிப்புத் தொழிலின் நெளிவு சுளிவு தெரிந்த குடும்பம் என்பதில் எவருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் அந்தக் குடும்பப் பெயர் 1978இல் சென்னையில் என்ன பெறுமதியுடன் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 1967 ஜனவரி 12ஆம் திகதி எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா துப்பாக்கியால் சுட்ட சம்பவம் நடந்தது. ராதா சிறை சென்றார். அப்போது ராதிகா பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதுச் சிறுமி. ராதா வெளியே வந்தபோது பழைய காலம் திரும்பி வரவில்லை. 1977 ஜூனில் எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். அதற்கு அடுத்த ஆண்டு, 1978 ஆகஸ்டில், 'கிழக்கே போகும் ரயில்' வெளியாகிறது, ராதிகா அறிமுகமாகிறார். 1979 செப்டெம்பரில் தந்தை காலமாகிறார். முதலமைச்சரைச் சுட்டவரின் மகள் என்பதால் அவருக்குத் தடைகள் வந்தன என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னவுடன் கதவுகள் தாமாகத் திறந்திருக்கும் என்று நம்புவதற்கும் இந்தத் திகதிகள் இடம் கொடுக்கவில்லை. தந்தை தயாரிப்பாளராக இருந்து மகளுக்காகப் படம் எடுத்த கதை இது அல்ல. மகள் நிலைபெறுவதைப் பார்க்கும் அளவுக்குக்கூட அவர் உயிரோடு இருக்கவில்லை.

அறிமுகப்படுத்திய பாரதிராஜாவோ தேனிப் பக்கத்து அல்லிநகரத்திலிருந்து வந்தவர். சினிமாக் குடும்பம் என்று எதுவும் அவருக்கு இல்லை. அது அவருடைய இரண்டாவது படம். புதுமுகங்களை வைத்துக்கொண்டு கிராமத்துக்குப் போய்ப் படம் எடுப்பது அவருடைய வழி. ராதிகாவுடன் அதே படத்தில் கதாநாயகனாக அறிமுகமான சுதாகர் பின்னாளில் தெலுங்கில் நகைச்சுவை நடிகராகப் பெயர் எடுத்தார். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே ரயிலில் ஏறியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் நல்ல இடத்துக்கே போனார்கள். போன பாதைதான் வேறு. அந்த வேறுபாட்டில் குடும்பத்துக்கு எத்தனை பங்கு என்பதை எவராலும் அளந்து சொல்ல முடியாது.

அப்படியானால் குடும்பம் ஒன்றுமே கொடுக்கவில்லையா? கொடுத்திருக்கிறது. எங்கள் கிழக்கில் கூத்து ஆடும் ஊர்களை நினைத்துப் பாருங்கள். கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாரின் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தொட்டிலில் கிடக்கும்போதே மத்தளம் காதில் விழுகிறது. தாளக்கட்டு அந்தப் பிள்ளைக்குப் பாடம் அல்ல, வீட்டுச் சத்தம். கூத்து ஆடும் மேடையாகிய களரி என்றால் பயப்பட வேண்டிய இடம் என்று அதற்குத் தோன்றாது. மற்றப் பிள்ளைகள் இரண்டு வருடம் ஒத்திகைக்கு வந்து அடைவதை அது ஒரு மழைக்காலத்துக்குள் அடைந்துவிடும். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதே நேரம், அண்ணாவியாரின் மகன் களரிக்குள் நுழைந்து ஆடும் வரவு ஆட்டத்தில் தாளம் தவறினால் சபை மன்னிப்பதில்லை. மற்றவனைவிட அவனைத்தான் கடுமையாகப் பார்க்கும். வீட்டுப் பெயர் ஒருவரைக் களரிவரைக்கும் கொண்டுபோய் விடும். விடிய விடிய ஆடுவது அவரவர் கால்தான். ராதிகாவின் குரலில், குறிப்பாகக் கோபப்படும் இடங்களில், தந்தையின் அழுத்தம் எனக்குக் கேட்கிறது. அது இரத்தத்தில் வந்ததா, கேட்டுக் கேட்டு வந்ததா, கேட்பவனாகிய என் காது செய்யும் வேலையா என்பதை நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். தந்தை சிறையிலும் மகள் பிற நாடுகளிலும் கழித்த ஆண்டுகளை எண்ணினால், கேட்டுப் பழகும் வாய்ப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இனி, அவர் நிலைத்து நிற்பதற்கு என் கணிப்பில் முதன்மையான காரணத்தைச் சொல்கிறேன். ராதிகாவுக்குக் கேட்கத் தெரியும். எதிரே இருப்பவர் பேசும்போது அதை உண்மையாகக் கேட்டு, கேட்டது முகத்தில் வந்து சேர்வதற்கு நேரம் கொடுக்கத் தெரியும். மேடைக்கு வரும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் தங்கள் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு, மற்றவன் எப்போது முடிப்பான் என்று காத்திருப்பார்கள். என் வகுப்பில் இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. இரண்டு கதிரைகளைப் போட்டு இருவரை இருத்துவேன். ஒருவர் தன் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். வகுப்பு முழுவதும் கேட்பவரை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் தாங்க மாட்டார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாது, தலையை ஆட்டுவார்கள், சிரிப்பார்கள். கேட்பது போல நடிப்பது வேறு, கேட்பது வேறு என்பது அந்த இரண்டு நிமிடத்தில் அவர்களுக்கே புரிந்துவிடும்.

1986இல் கே. விஸ்வநாத் இயக்கிய தெலுங்குப் படம் 'சுவாதி முத்யம்' தமிழில் 'சிப்பிக்குள் முத்து' என்று வந்தது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கார் போட்டிக்கு அனுப்பப்பட்ட படம். வளர்ந்த உடலும் குழந்தை மனமும் கொண்ட சிவய்யாவாகக் கமல்ஹாசன். சிறு மகனுடன் அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் இளம் விதவை லலிதாவாக ராதிகா. கோயில் விழாவில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கையில், சிவய்யா திடீரென்று லலிதாவின் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். கடையில் அந்த நாடாவை எத்தனை பேருக்கு வாடகைக்குக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. திருப்பிக் கொண்டுவரும் எல்லோரும் கமலைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசத்தான் வேண்டும், அத்தனை பெரிய வேலை அது. ஆனால் அந்தக் காட்சியில் செய்கிறவர் கமல், வாங்கிக்கொள்கிறவர் ராதிகா. அவன் செய்தது என்ன என்பது அவனுக்கே முழுதாகத் தெரியாது. அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நமக்குச் சொல்வது அவருடைய முகம். படம் முழுவதும் இப்படித்தான். அச்சம், வெட்கம், சலிப்பு, பிறகு மெல்ல மெல்ல வரும் அன்பு என்று லலிதா மாறிக்கொண்டே போவதால்தான் சிவய்யா நமக்கு உண்மையான மனிதனாகிறான். லலிதா நம்பியிராவிட்டால் நாமும் நம்பியிருக்க மாட்டோம்.

1990இல் வந்த 'கேளடி கண்மணி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வசந்த் இயக்கிய முதல் படம். கதாநாயகனாக எஸ்.பி. பாலசுப்பிரமணியம். பாட்டில் மன்னர்; ஆனால் கதாநாயகன் பாரத்தைத் தோளில் சுமந்து பழகியவர் அல்லர். ராதிகா அதில் சாரதா என்ற ஆசிரியை. காது கேளாத, வாய் பேசாத பெற்றோரின் ஒரே மகள். இப்படிப்பட்ட துணை நடிகருடன் நடிக்கும்போது அனுபவசாலிக்கு ஒரு சோதனை இருக்கிறது. தன் திறமையைக் காட்டத் தொடங்கினால் எதிரே இருப்பவர் சின்னவராகிவிடுவார், காட்சியும் உடைந்துவிடும். ராதிகா அதில் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டார் என்பது என் வாசிப்பு. கடற்கரையில் மூச்சு விடாமல் பாடுவது போல அமைந்த அந்தப் புகழ்பெற்ற பாட்டில் அவருக்கு இருக்கும் பெரிய வேலை, கேட்டுக்கொண்டிருப்பதுதான். அந்த வேலையை அவர் செய்யும் விதத்தில்தான் நடுத்தர வயது மனிதர் ஒருவரின் காதல் நமக்குச் சிரிப்பாகத் தெரியாமல் போகிறது. பாடலை ஆயிரம் தடவை கேட்டவர்களும் அவரைப் பார்த்திருப்பார்களா என்பது எனக்கு ஐயம்.

இரண்டாவது காரணம் வயது. தமிழ்ச் சினிமாவில் கதாநாயகிக்குக் காலம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்த அநியாயம். முப்பதைத் தொட்டவுடன் வாய்ப்புகள் ஒதுங்கும். அந்த இடத்தில் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ராதிகா அந்த வாசலை ஓடிப்போய்த் தாண்டினார். 1993இல் பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' படத்தில் விருமாயியாக, அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் நசுங்கும் தங்கையாக, மணவயது மகளுக்குத் தாயாக நடித்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று அளவில். அடுத்த ஆண்டு 'பவித்ரா'வில், புற்றுநோய் பீடித்த இளைஞனில் தன் பிள்ளையைக் காணும் தாதியாக வந்தார். அந்த இளைஞன் அஜித்குமார். இருவருக்கும் வயது வேறுபாடு பத்து ஆண்டுகள்கூட இல்லை. தாய்மையை அவர் ஒப்பனையாலும் நரைமுடியாலும் கொண்டுவந்திருக்க முடியாது. உடல் நிற்கும் விதத்தில், பார்வை தங்கும் இடத்தில்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். பிறகு 2015இல் 'நானும் ரௌடிதான்' படத்தில் பொலிஸ்காரத் தாய். 2016இல் 'தர்மதுரை'யில் கிராமத்துப் பாண்டியம்மாள். இரண்டிலும் மகன் விஜய் சேதுபதி. அவர் பிறந்த ஆண்டு 1978, அதாவது ராதிகா திரைக்கு வந்த அதே ஆண்டு. 2022இல் 'வெந்து தணிந்தது காடு', 'லவ் டுடே' என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களில் இரண்டு தாய்மார். ஒருவர் வறண்ட நிலத்து ஏழைத் தாய். மற்றவர் கைப்பேசிக் காலத்து நகரத்துத் தாய். என்னுடன் சேர்ந்து அவற்றைப் பார்த்த என் பேத்திக்கு 'கிழக்கே போகும் ரயில்' என்ற பெயர்கூடத் தெரியாது. "இந்த அம்மா நல்லாக நடிக்கிறா" என்றாள். அவளைப் பொறுத்தவரை ராதிகா ஒரு புது நடிகை.

மூன்றாவது காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. அவர் தொழிலின் உடைமைப் பக்கத்துக்குப் போனார். பிரதாப் போத்தன் இயக்கி 1985இல் வந்த 'மீண்டும் ஒரு காதல் கதை'யைத் தயாரித்தவர் ராதிகா. மனவளர்ச்சி குன்றிய இரு இளையவர்களின் காதல். விற்பனைக்கு உகந்த கதை என்று அதை ஒரு வியாபாரியும் சொல்லியிருக்க மாட்டார். இயக்குநரின் சிறந்த முதல் படத்துக்கான இந்திய தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அப்போது ராதிகா இருபதுகளின் தொடக்கத்தில்! பிறகு தொண்ணூறுகளில் ராடான் நிறுவனத்தைத் தொடங்கித் தொலைக்காட்சிக்குள் இறங்கினார். சினிமாக்காரர்கள் தொலைக்காட்சியைக் கீழான இடமாக நினைத்த காலம் அது. 1999இல் தொடங்கி 2001வரை ஓடிய 'சித்தி' அந்த நினைப்பை மாற்றியது. எங்கள் வீட்டில் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவோம். அந்தத் தொடருக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சித்தி என்று கூப்பிடத் தொடங்கியது எனக்கு நினைவிருக்கிறது. தொடர்ந்து 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று இடைவெளி இல்லாமல் வந்தன. 2013இல் தொடங்கிய 'வாணி ராணி'யில் வழக்கறிஞர் வாணி, இல்லத்தரசி ராணி என்று இரட்டை வேடம். 1700 பகுதிகளுக்கு மேல் ஓடியது. மேடையில் ஒரே இரவில் இரண்டு பாத்திரம் கட்டி ஆடியவர்களுக்குத் தெரியும், அது உடலை எவ்வளவு முறிக்கும் என்று. அதை ஐந்து ஆண்டுகள் செய்வதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இந்தத் தொடர்களைப் பற்றி என் கருத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாடக ஆசிரியனாக அவற்றில் பலவற்றின் கதைப்போக்கை நான் ஏற்பதில்லை. அழுகையை நீட்டுவது, சதியின் மேல் சதி வைப்பது, ஒரே செய்தியை மூன்று முகங்களில் மாறி மாறிக் காட்டுவது ஆகியவை நடிப்பைக் கெடுக்கும் பழக்கங்கள். ராதிகாவும் சில வேளைகளில் அந்த வேகத்துக்கு இழுபட்டிருக்கிறார். ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பிறகு நடந்த ஒன்றை நான் மறக்கவில்லை. உப்புவெளிப் பக்கம் தற்காலிகக் கொட்டில்களில் இருந்த சனங்களுக்குப் பாடசாலையிலிருந்து பொருட்கள் கொண்டுபோனோம். சில வாரங்களுக்குப் பிறகு எவரோ ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். அன்று மாலை, இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் பக்கத்தில் இருந்தவரிடம், "அண்ணாமலை எந்த இடத்தில் நிற்கிறது?" என்று கேட்டார். அத்தனை வாரங்களில் அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று பக்கத்துக் கொட்டிலில் இருந்த அம்மா என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தொடர்களை வகுப்பில் இளக்காரமாகப் பேசுவதை நான் விட்டுவிட்டேன்.

தயாரிப்பாளராக இருந்ததன் பயன் இன்னொன்று. தனக்கு எந்த வயதில் என்ன பாத்திரம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர் கைக்கு வந்தது. வேலைக்காக மற்றவர் வாசலில் காத்திருக்க வேண்டிய தேவை குறைந்தது. இடையில் திரைப்படங்கள் குறைந்தாலும் மக்கள் முகத்தை மறக்கவில்லை. இது தந்தையிடமிருந்து வந்த வழி என்றும் சொல்லலாம், எம்.ஆர். ராதாவும் சொந்தமாக நாடக மன்றம் வைத்து நடத்தியவர், பிறர் சொல்லுக்கு ஆடாதவர். ஆனால் இந்த ஒப்பீடு என்னுடையது. அவர் அதை நினைத்துத்தான் செய்தார் என்று நான் உரிமை கொண்டாட முடியாது.

ஐயா, இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன். நடிப்புக்குக் குடும்பம் வேண்டும் என்று நீங்கள் சொன்னதற்கு எதிராக என்னால் ஒரே ஒரு பெயரைச் சொல்ல முடியும்: மனோரமா. தந்தை கைவிட்ட குடும்பம்; வீட்டு வேலை செய்து வளர்த்த தாய்; பள்ளத்தூரிலிருந்து சின்ன நாடக மேடைகள் வழியாக வந்தவர். ஆயிரம் படங்களைத் தாண்டினார். சினிமாவில் குடும்பச் செல்வாக்கு இல்லவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். முதல் வாய்ப்புக்கு அது உதவுகிறது. இரண்டாவது தோல்விக்குப் பிறகு மூன்றாவது வாய்ப்பைப் பெற்றுத் தருவதற்கு இன்னும் அதிகமாக உதவுகிறது. அந்தப் பொறுமை மற்றவர்களுக்குக் கிடைப்பதில்லை. ராதிகாவுக்கும் அது ஓரளவு கிடைத்திருக்கலாம். ஆனால் 1978இல் ஒருவர் கொடுத்த வாய்ப்பை வைத்துக்கொண்டு 2022இல் ஒருவர் நடித்துக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று. உங்கள் மகள் கேட்பது நடிகையாகப் போக அனுமதி அல்ல. ஒரு பாடத்தைப் படிக்க அனுமதி. இரண்டையும் நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இந்தப் பாடத்தில் கூத்தும் இருக்கிறது, கிரேக்க நாடகமும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது, செய்முறையும் இருக்கிறது. பெறுபேறு நன்றாக வந்தால் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் தொடர்ந்து படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் வழி உண்டு. என்னிடம் படித்தவர்களில் திரைக்குப் போனவர் ஒருவரும் இல்லை. ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வானொலியில் இருவர் இருக்கிறார்கள், ஒருவர் வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறார். நோயாளி சொல்வதை முழுதாகக் கேட்கும் பழக்கம் அந்த இரண்டு கதிரைப் பயிற்சியில் வந்தது என்று அவர் என்னிடம் சொன்னார். உங்கள் மகளுக்குத் திறமை இருக்கிறதா என்பதை நான் பார்க்காமல் சொல்ல முடியாது. வேலை வாய்ப்பு உறுதி என்றும் சொல்ல மாட்டேன். கலைப்பிரிவில் எந்தப் பாடத்துக்கும் அந்த உறுதியைத் தர முடியாத நாட்டில்தான் இருக்கிறோம்.

இந்த வார இறுதியில் மகளையும் இருத்திக்கொண்டு 'கேளடி கண்மணி'யைப் போட்டுப் பாருங்கள். கடற்கரைப் பாட்டு வரும்போது ஒலியை முற்றாகக் குறைத்துவிடுங்கள். பாடுகிறவரைப் பார்க்காமல் ராதிகாவை மட்டும் இருவரும் பாருங்கள். பாட்டு முடிந்ததும் மகள் என்ன கண்டாள் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் சொன்னதை எனக்கும் எழுதுங்கள். திறமையைப் பற்றி என்னால் சொல்ல முடியாது என்றேனே, அதில் கொஞ்சமாவது அதற்குப் பிறகு சொல்ல முடியும்.